புற்றுநோய் பயமா? கவலையையும் கணக்குப் பார்த்துச் செலவழிப்போம்!

எங்கள் அத்தை கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயில்தான் போனார். தீட்டு நின்று மூன்று வருஷம் கழித்து மறுபடி உதிரம் பட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. துணியைத் தனியாக அலசி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஆள் போகாத வேலியில் காயப்போட்டு எடுப்பாராம். எட்டு மாசம் இப்படியே ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு லேசாக இடுப்பு வலித்தாலே ‘நமக்கும் வந்துடுமோ’ என்ற நினைப்புதான்.

பல வீடுகளில் இந்தப் பயம் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறது. புற்றுநோயில் 100க்கு 30 முதல் 50 வரை தடுக்கக்கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படியானால் மீதி நம் கையில் இல்லை. கையில் இருக்கிற பங்குக்கு மட்டும் நேரத்தையும் காசையும் செலவழிக்க நான் பழகிக்கொண்ட விஷயங்களை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1. பழைய நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நம்மால் மாற்ற முடிந்தது, வலப்பக்கம் முடியாதது. என் நோட்டில் இடப்பக்கம் மாமனாரின் பீடி, பாட்டியின் பாக்கு, என் இடுப்புச் சுற்றளவு, பரிசோதனைத் தேதி. வலப்பக்கம் வயசு, பரம்பரை, அதிர்ஷ்டம். கவலை வரும்போது அது எந்தப் பக்கம் என்று பார்த்தாலே பாதி இறங்கிவிடும்.

2. ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்த பிறகு போனில் நோய் தேடாதீர்கள். அந்த நேரத்தில் தலைவலிக்குக்கூட மூளைக்கட்டி என்றுதான் கண்ணில் படும். சந்தேகத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவையுங்கள். காலையிலும் அது சந்தேகமாகவே இருந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

3. வாய்ப்புண் வந்தால் தேதி கிழிக்கிற காலண்டரை எடுங்கள். இன்றிலிருந்து பதினைந்தாம் தாளைப் புரட்டி, ஓரத்தில் பென்சிலால் ‘வாய்’ என்று எழுதி விட்டுவிடுங்கள். இருமல், குரல் கம்மல் என்றால் மூன்று வாரம் தள்ளி எழுதுங்கள். முக்கால்வாசி அந்தத் தாள் வருவதற்குள் தானாக ஆறிவிடும், டாக்டர் ஃபீஸும் மிச்சம். அந்தத் தாளைக் கிழிக்கிற அன்றைக்கும் புண் இருந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டியதுதான்.

4. ஆனால் சிலவற்றுக்கு ஒரு தாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தீட்டு நின்ற பிறகு உதிரப்போக்கு, தாம்பத்தியத்துக்குப் பிறகு உதிரம், சளியிலோ மலத்திலோ ரத்தம், மார்பில் புதுக் கட்டி, மார்புக் காம்பில் ரத்தக் கசிவு இவையெல்லாம் அந்தக் கணக்கு. ‘மூலமாத்தான் இருக்கும்’ என்பதை டாக்டர் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

5. வீட்டில் பீடி, சிகரெட் பிடிக்கிறவர் இருந்தால், மற்ற எல்லாக் குறிப்பையும் விட அதை நிறுத்துவதுதான் பெரிய லாபம். பிரிட்டிஷ் டாக்டர்களை 50 வருஷம் தொடர்ந்து கவனித்து 2004ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. 60 வயதில் விட்டால் ஏறக்குறைய 3 வருஷம், 50ல் விட்டால் 6, 40ல் 9, 30ல் விட்டால் 10 வருஷ ஆயுள் மிச்சமாகிறது. ‘இனிமே விட்டு என்ன ஆகப்போகுது’ என்கிற மாமனார்களுக்கு இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

6. விட நினைப்பவருக்குப் புகையிலைப் பொட்டலத்திலேயே இலவச உதவி எண் அச்சாகியிருக்கும்: 1800-11-2356. கூடவே, தினம் 20 ரூபாய் செலவானால் அந்த 20 ரூபாயை அவர் கையாலேயே உண்டியலில் போடச் சொல்லுங்கள். வருஷத்துக்கு 7,300 ரூபாய் சேரும். எங்கள் மாமனார் அந்தக் காசில் பேத்திக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்.

7. ‘புகையிலை போடாம வெறும் பாக்குதானே’ என்று விட்டுவிடாதீர்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே சொல்லிவிட்டது. வெற்றிலைக்குள் சோம்பு, ஏலக்காய், கொஞ்சம் கற்கண்டு வைத்துச் சுருட்டிக் கொடுங்கள். மெல்லும் சுகம் பாட்டிக்குக் குறையாது.

8. கல்யாணம், காதுகுத்துக்குப் போய்வந்தால் தாம்பூலப் பையில் வாசனைப் பாக்குப் பொட்டலம் சேரும். தேங்காயை எடுக்கும்போதே அதையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். அந்தத் தித்திப்பில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பழக்கம் பிடிக்கிறது. உங்கள் வீட்டு விசேஷம் என்றால் பாக்குக்குப் பதில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வைக்கலாம்.

9. பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு நொடிச் சோதனை. அவர்களின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே விடச் சொல்லுங்கள். முன்பு போன விரல் இப்போது போகவில்லை, காரம் பட்டாலே வாய் எரிகிறது என்றால் உள்தசை இறுகத் தொடங்கியிருக்கலாம். பல் டாக்டரிடம் காட்ட அது போதுமான காரணம்.

10. உடைந்த பல்லின் கூர் நாக்கையோ கன்னத்தையோ குத்திக்கொண்டே இருந்தால் ராவி விடச் சொல்லுங்கள். சரியாக உட்காராத பல்செட்டுக்கும் இதேதான். சின்னச் செலவு. ராவிய பிறகும் புண் ஆறவில்லையென்றால் காரணம் பல் இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

11. காபி பிரியர்களே, பயப்படாதீர்கள். 2016ல் காபியைத் திரும்ப ஆராய்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, காபியைக் குற்றம் சொல்ல ஆதாரம் போதாது என்றது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதுதான் உணவுக்குழாய்க்கு ஆகாமல் போகலாமாம். டவராவில் நாலு ஆற்று ஆற்றினால் முடிந்தது.

12. நிலக்கடலை வாங்கியதும் தாம்பாளத்தில் கொட்டிப் புடையுங்கள். சுருங்கினது, கறுத்தது, பூசணம் பிடித்தது, வாயில் போட்டால் கசக்கிறது எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சையின் விஷமான அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுசாகப் போகாது. ‘சட்னிக்கு ஆகும்’ என்று எடுத்துவைக்கிற சிக்கனம் மட்டும் வேண்டாம். மிளகாய் வற்றல், கொப்பரைக்கும் இதே விதிதான், மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் வெயில் காட்டிவிடுங்கள்.

13. பூரி, அப்பளத்துக்கு அகலமான வாணலியை விட்டுக் குழிவான சின்ன இரும்புச்சட்டியை எடுங்கள். பாதி எண்ணெய் போதும், மிஞ்சுவதும் குறைவு. மிஞ்சினதை வடிகட்டித் தாளிப்பில் இரண்டே நாளில் தீர்த்துவிடுங்கள். எண்ணெய் புகையும்வரை காயவிடாமல், ஜன்னலைத் திறந்துவைத்துப் பொரியுங்கள்.

14. வெந்நீர் அடுப்பு பற்றவைக்க பிளாஸ்டிக் கவரைக் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை நேராக நம் நெஞ்சுக்குத்தான் போகும். தேங்காய் நாரும் கொட்டாங்குச்சியும் சும்மா கிடைக்கும், சட்டென்று பற்றும். விறகு அடுப்பு இருந்தால் கூரைக்கு வெளியே தள்ளி வையுங்கள்.

15. பூச்சிமருந்துக்குப் பயந்து காய்கறி, கீரையையே குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நஷ்டக் கணக்கு. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்து அலசி, முட்டைக்கோசின் மேல் இரண்டு இலையைக் கழித்துவிட்டுத் தாராளமாகச் சமையுங்கள்.

16. கருகின தோசை ஓரம், மைக்ரோவேவில் சுடவைத்த சாதம், தலைமாட்டில் போன், இவற்றையெல்லாம் என் கவலை லிஸ்டிலிருந்து அடித்துவிட்டேன். மனிதர்களுக்கு இவற்றால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று வரவில்லை. கருகினதை ருசிக்காக ஒதுக்குங்கள், போதும்.

17. ‘ஆபத்து 18 சதவீதம் கூடும்’ என்று செய்தி வந்தால் உடனே கேளுங்கள்: ‘எத்தனையிலிருந்து எத்தனைக்கு?’ தினம் 50 கிராம் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்குச் சொல்லப்பட்ட கணக்கு இதுதான். அதற்காக 100 பேரில் 18 பேருக்கு வரும் என்று அர்த்தம் இல்லை. ஆயிரம் பேரில் 10 பேருக்கு வருவதாக வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 12 ஆகும். வாரம் முழுக்கப் பிள்ளைகள் டப்பாவில் சாசேஜ் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிறந்தநாளில் ஒன்று சாப்பிட்டதற்கு அழ வேண்டாம்.

18. ‘புற்றுநோய் வராமல் தடுக்கும்’ என்று டப்பாவில் விற்கிற சத்து மாத்திரைக்குக் காசைக் கொட்டாதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,000 ஆண்களுக்கு மேல் வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994ல் வந்தது. காரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாக விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடித்தான் போனது. அந்தக் காசுக்குக் காரட்டையே வாங்கிப் பொரியல் செய்யலாம்.

19. மதுவில் ‘இவ்வளவு குடித்தால் கேடில்லை’ என்கிற அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், குடல், பெண்களுக்கு மார்பு என்று ஏழு வகைப் புற்றுநோய்க்காவது அதில் பங்கு உண்டு. புகையும் மதுவும் சேர்ந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் பல மடங்கு கெடுதல்.

20. எடை மெஷின் வாங்க வேண்டாம், பாவாடை நாடா போதும். இன்றைக்கு இடுப்பைச் சுற்றி வருகிற இடத்தில் வண்ண நூலால் ஒரு முடிச்சுப் போட்டு, மூன்று மாசத்துக்கு ஒருமுறை பாருங்கள். நம்மூர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது, ஆண்களுக்கு 90. அதிக எடைக்கும் 13 வகைப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதால், ரேஷன் கடைக்கு நடந்தே போய்வருவதும் கணக்கில் சேரும்.

21. நாடா பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, அந்தத் தழும்பு புண்ணாகி ஆறாமல் தோல் புற்றுநோய் ஆன இரண்டு பெண்களைப் பற்றி 2024ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ரொம்ப அபூர்வம்தான். ஆனாலும் கயிறு போன்ற நாடாவுக்குப் பதில் இரண்டு விரல் அகலப் பட்டை தைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் தளர்வாகக் கட்டுங்கள்.

22. பிரசவமான பெண் தாய்ப்பால் கொடுக்க நேரமும் சாப்பாடும் கொடுங்கள். மொத்தமாக 12 மாசம் பால் கொடுத்தால் மார்புப் புற்றுநோய் ஆபத்து நூற்றுக்கு நாலு பங்கு குறைவதாக 2002ல் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. பால் வராமல் போனவர்களை இதைச் சொல்லிக் குத்தாதீர்கள்.

23. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள்காமாலை பி தடுப்பூசி போட்டார்களா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். பின்னாளில் கல்லீரல் புற்றுநோய்க்கு அணை போடுகிற ஊசி அது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சலூனில் புது பிளேடு கேட்டு வாங்குவதும் இதே கிருமிக்காகத்தான்.

24. பெண் பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்து 14க்குள் எச்.பி.வி. தடுப்பூசி போடுவதுதான் சிறப்பு. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இந்த வைரஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்த ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது. சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கிற ‘செர்வாவாக்’ என்ற நம் நாட்டு ஊசியும் இப்போது இருக்கிறது. தனியாரிடம் போகுமுன் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிடுங்கள். நகைச்சீட்டு போடுகிற நாம் இதற்கும் மாசம் கொஞ்சம் எடுத்துவைக்கலாம்.

25. வைரஸ்தான் காரணம் என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்கு அத்தை விஷயம் விளங்கியது. பத்து வருஷமாக ‘பரம்பரையா வருமே’ என்று பயந்து கிடந்தேன். அத்தைக்கு வந்ததோ, தாம்பத்தியத்தில் யாருக்கும் சாதாரணமாகத் தொற்றுகிற ஒரு வைரஸால். நான் பயந்த இடம் வேறு, செய்ய வேண்டியிருந்த காரியம் வேறு. தப்பு யாருடையதும் இல்லை, பரிசோதனை மட்டும்தான் பாக்கி இருந்தது.

26. அந்தப் பரிசோதனை நம்மூரிலேயே நிரூபணமானது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு 2000ஆம் ஆண்டு தொடங்கி நர்ஸ்கள் வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். கெட்ட செல் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும், தேவைப்பட்டவர்களுக்கு உடனே சிகிச்சை. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் இந்தப் பெண்களிடம் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தது. 2007ல் ‘லான்செட்’ இதழில் வந்து உலகமே படித்தது. வீட்டு வினிகரால் நாமே செய்கிற வேலை இல்லை இது, நர்ஸம்மாவிடம் போக வேண்டும். சில நிமிஷம்தான், ஊசி கிடையாது.

27. 30 வயது முடிந்தவர்களுக்கு அரசு சுகாதார நிலையத்தில் பி.பி., சர்க்கரையோடு வாய், மார்பு, கர்ப்பப்பைவாய் மூன்றையும் பார்ப்பார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போதும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிறவரிடமே எந்தக் கிழமை போகலாம் என்று கேட்டுவைத்தால் ஒரு நடை மிச்சம். தீட்டு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

28. தீட்டு வந்து ஏழாம் நாள் குளிக்கும்போது, சோப்புக் கையின் மூன்று விரல் பரப்பால் மார்பையும் அக்குளையும் வட்டமாகத் தடவிப் பாருங்கள். தீட்டு நின்றவர்கள் மாச முதல் தேதியில். எனக்கு 34 வயதில் இப்படித்தான் சுண்டைக்காய் அளவில் ஒன்று தட்டுப்பட்டது. பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சோறு வடிக்கும்போது அழுதேன், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸ் ரசீதையெல்லாம் ஒரே கவரில் எடுத்துவைத்தேன். கடைசியில் ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் கெடுதல் இல்லாத நார்க்கட்டி. பரிசோதனைக்கு ஆனது ஒரு மத்தியானம். அந்தப் பதினோரு நாளை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது. தட்டுப்பட்ட அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

29. ‘கத்தி பட்டா பரவிடும்’ என்று சதைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எந்த வகை என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும். எடுத்த கண்ணாடித் தகட்டையும் மெழுகுக் கட்டியையும் பத்திரமாகக் கேட்டு வாங்கி டப்பாவில் வையுங்கள். வேறு டாக்டரிடம் காட்டும்போது மறுபடி வெட்ட வேண்டி வராது.

30. ‘முழு உடல் கேன்சர் பேக்கேஜ், பாதி விலை’ என்று வந்தால் அவசரப்படாதீர்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் கேன்சர் மார்க்கர் பார்த்தால் வீண் பயமும் அடுத்தடுத்து ஸ்கேனும்தான் மிச்சம். தென்கொரியாவில் நன்றாக இருந்தவர்களுக்கெல்லாம் தைராய்டு ஸ்கேன் எடுத்ததில், 1993க்கும் 2011க்கும் நடுவே அந்தப் புற்றுநோய் கண்டுபிடிப்பது 15 மடங்கு ஏறியது. சாவு எண்ணிக்கை அப்படியே இருந்தது. ‘எனக்கு எது தேவை’ என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு அதற்கு மட்டும் காசு கொடுங்கள்.

31. குடும்ப நோட்டில் யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் வந்தது என்று எழுதிவையுங்கள். பாட்டிக்கு ‘வயித்துல கட்டி’ என்பது கர்ப்பப்பையா, சினைப்பையா, குடலா என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பரம்பரையாக வருவது 100ல் 5 முதல் 10தான். ஆனால் நெருங்கிய சொந்தத்தில் இளவயதில் மார்பிலோ, யாருக்காவது சினைப்பையிலோ வந்திருந்தால் அந்த ஒரு பக்கம் டாக்டருக்கு மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும்.

32. வந்தவர்களைப் பார்க்கப் போனால் ‘என்ன சாப்பிட்டே, எப்படி வந்துச்சு’ என்று கேட்காதீர்கள். செல்கள் பிரியும்போது தானாக நேர்கிற எழுத்துப்பிழைதான் புற்றுநோய்க்கான மரபணு மாற்றங்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2017ல் கணக்குச் சொன்னார்கள். புகையே தொடாதவருக்கும் நுரையீரலில் வருகிறது, தினம் நடக்கிறவருக்கும் வருகிறது. கவலைப்பட்டதால் வந்தது என்பதற்கும் தெளிவான சான்று இல்லை. மிளகு ரசமும் குழைந்த சாதமும் கொண்டுபோங்கள், அதே தட்டில் சேர்ந்து சாப்பிடுங்கள்; இது ஒட்டுவாரொட்டி இல்லை.

33. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சைக்கு உதவும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற ஆணியில் மாட்டுங்கள். சிகிச்சைக்கு ரயிலில் போனால் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு.

34. தைரியம் குறையும்போது நான் நினைத்துக்கொள்வது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத்தான். 1923ல் சகோதரியைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர், 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்துவிட்டார். அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021ல் கண் மூடும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. பேத்திகளுக்குத் தூங்கும்போது சொல்ல ஒரு கதையும் ஆச்சு.

35. பரிசோதனைக்குத் தனியாகப் போகாதீர்கள், பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஆட்டோ, பாதி காசு, வெட்கமும் பாதி. நாங்கள் மூன்று பேர் ஒன்றாகப் போய், வரும் வழியில் ஆளுக்கு ஒரு முழம் மல்லி வாங்கிக்கொண்டு திரும்பினோம். அடுத்த முறை ஐந்து வருஷம் கழித்து என்பதால் காலண்டரில் குறிக்க முடியாது. பீரோக் கதவின் உள்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டி எழுதிவிடுங்கள், புடவை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். என் பீரோவில் ‘2030 தை’ என்று இருக்கிறது, அதன் கீழேயே அந்த இரண்டு அக்காக்களின் பெயரும்.